முதல் பிரிவு உண்டு

குன்றக்குடி மலை கண்ணில் பட்டபோது மணி நாலரை இருக்கும். பள்ளிக்கூடத்தை விட்டு நாலு கிலோமீட்டர் நடந்திருந்தேன். காரைக்குடிக்கு இன்னும் பத்துக்கு மேல் இருந்தது. இரண்டு பஸ்கள் என்னைத் தாண்டிப் போயின. நான் கை காட்டவில்லை. இரண்டாவது பஸ்ஸின் நடத்துநர் படியில் நின்றபடி என்னைப் பார்த்து விசில் ஊதி வேகத்தைக் குறைக்கவும் செய்தார். நான் ஏறப்போவதில்லை என்று தெரிந்ததும் ஏதோ சொன்னார். காற்றில் கேட்கவில்லை.

கக்கத்தில் பிளாஸ்டிக் ஃபைல் ஒன்று. அதற்குள் பத்தாவது, பதினொன்று, பன்னிரண்டு மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ். எனக்கு வேண்டியிருந்தது இவை எதுவும் இல்லை. தலைமையாசிரியரின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள ஒரு கடிதம். அதில் ஒரே ஒரு வாக்கியம் போதும். எங்கள் பள்ளியில் கணக்குப் பிரிவு நடக்கவில்லை என்ற வாக்கியம். அது அன்று மாலை ஆறு மணிக்குள் ஒரு மின்னஞ்சலில் போய்ச் சேர வேண்டும். கடிதம் இல்லாமல்தான் நடந்துகொண்டிருந்தேன்.

எங்கள் ஊர்ப் பள்ளி மேல்நிலைப் பள்ளி. வாசலில் ஒரு கறுப்புப் பலகை உண்டு. அதில் வெள்ளை எழுத்தில் 'முதல் பிரிவு: கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல்' என்றும், 'மூன்றாம் பிரிவு: வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல்' என்றும் இருக்கும். கீழே 'சேர்க்கை நடைபெறுகிறது'. ஒவ்வொரு மே மாதமும் எழுத்தின்மேல் புதுப் பெயின்ட் அடிப்பார்கள். உள்ளே இருந்தது மூன்றாம் பிரிவு மட்டும்தான். கணக்குப் பிரிவான முதல் பிரிவுக்கு ஆசிரியர் இல்லாததால் யாரும் சேரவில்லை. யாரும் சேராததால் ஆசிரியர் போடவில்லை. நான் சேரும்போது இது ஐந்தாவது வருடமாக நடந்துகொண்டிருந்தது. இயற்பியல் ஆய்வகத்தில் அரசாங்கத்தின் விலையில்லா சைக்கிள்கள் கைப்பிடி பூட்டாமல் அடுக்கியிருந்தன.

பத்தாவதில் எனக்குக் கணக்கில் தொண்ணூற்றேழு. காரைக்குடியில் கணக்குப் பிரிவு உள்ள பள்ளிகள் உண்டு. எங்கள் ஊரிலிருந்து காலையில் போகும் முதல் பஸ் அந்தப் பள்ளிகளில் மணி அடித்த பிறகுதான் காரைக்குடிக்குப் போய்ச் சேரும். அம்மா காரைக்குடியில் ஒரு பழைய பெரிய வீட்டை ஓட்டலாக்கியிருந்த இடத்தில் பாத்திரம் கழுவினாள். அங்கேயே தங்கி, வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவாள். அவளோடு போய்த் தங்க அங்கே இடம் இல்லை. அப்பா மலேசியாவில் இருந்தார், அல்லது இருந்ததாகக் கேள்வி. ஆகவே மூன்றாம் பிரிவில் சேர்ந்தேன்.

ஒருமுறை சைக்கிள் இறக்க ஆய்வகத்துக்குள் போனபோது பதினொன்று, பன்னிரண்டு கணக்குப் புத்தகங்கள் ஒரு கட்டு கிடந்தன. மேலே இருந்த இரண்டைக் கரையான் எடுத்துக்கொண்டிருந்தது. அடியில் இருந்தவற்றை நான் எடுத்துக்கொண்டேன். இரண்டு வருடம் மாலையில் அந்தக் கணக்குகளைப் போட்டுப் பார்த்தேன். பின்பக்கம் விடை இருக்கும். என் விடை அதோடு பொருந்தினால் அடுத்த கணக்கு. பொருந்தாவிட்டால் திரும்ப அதே கணக்கு. சில கணக்குகளில் பதினைந்து நாள் நின்றிருக்கிறேன். பிறகு ஒருநாள் புத்தகத்தின் விடைதான் தப்பு என்று கண்டுபிடிப்பேன். சொல்வதற்கு ஆள் இல்லை.

அம்மா வேலை பார்த்த ஓட்டலுக்கு ஒருமுறை வடக்கே ஒரு பெரிய கல்லூரியில் பாடம் நடத்தும் அம்மாள் விருந்தாளியாக வந்தார். சமையல்கட்டைப் பார்க்க வந்தவரிடம் அம்மா, தன் மகன் பள்ளிக்கூடத்தில் இல்லாத பாடத்தைப் படிக்கிறான் என்று சொல்லியிருக்கிறாள். குறை சொல்வதாகத்தான் சொன்னாள். அவர் தம் கல்லூரியின் முகவரியை ஓட்டல் பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். வருகிற ஆயிரக்கணக்கானவர்களில் சிலரைத்தான் எடுப்பார்கள், எடுத்தால் சாப்பாடு முதல் எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்றாராம். அம்மா அந்தப் பில்லை உப்பு ஜாடிக்கு அடியில் ஒரு மாதம் வைத்திருந்துவிட்டுத்தான் எனக்குக் கொடுத்தாள். மறந்துவிட்டதாம்.

விண்ணப்பம் நீளம். உன்னைப் பற்றி எழுது, நீ தோற்ற ஒரு சமயத்தைப் பற்றி எழுது என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். கரையானைப் பற்றியும் பின்பக்க விடையைப் பற்றியும் தமிழில் எழுதி, இங்கிலீஷ் ஆசிரியரிடம் கொடுத்து மாற்றிக்கொண்டேன். அவர் கரையானை எடுத்துவிடச் சொன்னார். நான் எடுக்கவில்லை.

ஒரு பகுதியை மட்டும் நான் எழுதக் கூடாது. அது பள்ளி விவரப் படிவம். தலைமையாசிரியரின் மின்னஞ்சலுக்கு நேராக வரும். உங்கள் பள்ளியில் என்னென்ன பாடங்கள் உண்டு, எவை இல்லை, இருப்பவற்றில் கடினமானதை இந்த மாணவர் எடுத்தாரா என்று கேட்டிருக்கும். வசதி குறைந்த பள்ளியிலிருந்து வருகிறவனை அந்தப் பள்ளியை வைத்தே எடைபோடுவோம் என்று அவர்கள் இணையப் பக்கத்தில் தெளிவாகவே போட்டிருந்தார்கள். என்னிடம் இருந்த துருப்புச் சீட்டு அது ஒன்றுதான்.

தலைமையாசிரியர் திருக்கோஷ்டியூர்க்காரர். அந்த ஊர்க் கோபுரத்தில் ஏறி ஒரு ஆச்சாரியர் ரகசியத்தை ஊருக்கே சொன்ன கதையை வருடம் இரண்டு தடவை காலை வழிபாட்டுக் கூட்டத்தில் சொல்வார். படிவம் வந்ததும் என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். நான் கம்ப்யூட்டர் பக்கம் போனேன்.

"அங்குட்டு நில்லுப்பா. ரகசியம்னு போட்டிருக்கான்" என்றார்.

நான் வேப்ப மரத்தடியில் ஒன்றரை மணி நேரம் நின்றேன். அவர் முதலில் வெள்ளைத் தாளில் எழுதி, அடித்து, திரும்ப எழுதி, பிறகு ஒரு விரலால் தட்டச்சு செய்தார். முடித்து வெளியே வந்தபோது வேர்த்திருந்தார். "பிரமாதமா போட்டிருக்கேன். நம்ம பள்ளிக்கூடத்த எவனும் குறைவா நெனைக்க முடியாது" என்றார். எனக்கு அப்போதே ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. நன்றி சொன்னேன்.

பன்னிரண்டாவது முடிவு வந்து, மே நடுவில் மதுரைக்கு நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். ஒரு ஓட்டலின் மாடியில் ஏசி அறை. மூன்று பேர். நடுவில் இருந்த அம்மையார், அம்மா பார்த்தவர் இல்லை, சென்னைத் தமிழ் பேசினார். ஒருவர் வடக்கத்திக்காரர். இன்னொருவர் தட்டச்சு செய்துகொண்டே இருந்தார். ஒரு கணக்கு கொடுத்தார்கள். போட்டேன். எப்படிப் போட்டாய் என்று கேட்டபோது வகையிடல், தொகையிடல் என்று புத்தகத்துத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். அம்மையாருக்கு அந்தச் சொற்கள் தெரியவில்லை. அவர் சொன்ன இங்கிலீஷ் சொற்கள் எனக்குத் தெரியவில்லை. அதுவரை நான் அந்தச் சொற்களை வாயால் யாரும் சொல்லிக் கேட்டதே இல்லை. தாளில் எழுதிக் காட்டினேன். மூன்று பேரும் தலையாட்டினார்கள்.

பிறகு அம்மையார் கேட்டார்: "இவ்வளவு ஆர்வம் இருக்கு. உங்க ஸ்கூல்ல மேத்ஸ் குரூப் இருக்கே, ஏன் எடுக்கல?"

"எங்க ஸ்கூல்ல இல்லைங்க மேடம்."

அவர் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். எங்கள் பள்ளியில் உள்ள பாடங்கள் என்ற இடத்தில் பதினொரு பாடங்கள் இருந்தன. கணினி அறிவியலும் இருந்தது. இல்லாத பாடங்கள் என்ற இடத்தில் 'இல்லை' என்று இருந்தது. கடினமான பிரிவை எடுத்தாரா என்ற கேள்விக்கு, மாணவர் தம் சொந்த விருப்பப்படி கலைப் பிரிவைத் தேர்ந்தெடுத்தார், பள்ளி அவருக்கு எந்தத் தடையும் சொல்லவில்லை என்று நல்ல இங்கிலீஷில் எழுதியிருந்தது.

பலகை மட்டும்தான் உண்டு, பிரிவு இல்லை என்று சொன்னேன். அவர்களுக்கு அது விளங்கவில்லை. வடக்கத்திக்காரர், அப்படியானால் பள்ளியிலேயே கேட்டுவிடலாமே என்றார். அங்கேயே ஸ்பீக்கரில் போட்டார்கள். தலைமையாசிரியர் எடுத்தார். பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. இங்கிலீஷில் ஒரு பெண் குரல் கணக்குப் பிரிவைப் பற்றிக் கேட்டதும் அவர் மேலிடத்து விசாரணை என்று நினைத்திருக்க வேண்டும். குரல் நிமிர்ந்துவிட்டது. எல்லாப் பிரிவும் நன்றாக நடக்கிறது மேடம், பலகையிலேயே எழுதியிருக்கிறது மேடம் என்றார். ஆய்வகம் உண்டா என்று கேட்டார்கள். ஆய்வகம் நிறைய இருக்கிறது மேடம் என்றார்.

போனை வைத்தார்கள். ஆய்வகம் முழுக்க சைக்கிள்தான் என்றேன். தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் அதைத் தட்டச்சு செய்யவில்லை.

அம்மையார் மோசமானவர் இல்லை. நான் போட்ட தாளைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். "நீங்க சொல்றது உண்மைன்னா உங்களுக்கு அது ரொம்ப பெரிய பிளஸ். ஆனா ஸ்கூல் எழுதிக் குடுத்திருக்கு. நாங்க அதைத்தான் நம்பணும்" என்றார். ஒரு வாரம் தருவதாகச் சொன்னார். தலைமையாசிரியர் பள்ளி லெட்டர்ஹெட்டில் திருத்திக் கொடுத்தால் என் பெயரை மீண்டும் எடுத்துப் பார்ப்பார்கள். நான் மறுநாளே ஜன்னல் வழியாக ஆய்வகத்து சைக்கிள்களை நாலு படம் எடுத்து அனுப்பினேன். படங்களுக்கு நன்றி, கடிதத்தை எதிர்பார்க்கிறோம் என்று பதில் வந்தது.

தலைமையாசிரியர் அந்த வாரம் முழுக்கக் கையில் சிக்கவில்லை. கூட்டம் என்று சிவகங்கை போனார். பிள்ளை சேர்ப்பதற்காக ஊர் ஊராகப் பைக்கில் போனார். ஏழாம் நாள் மத்தியானம், கெடு முடிய நாலு மணி நேரம் இருக்கும்போது பிடித்தேன். பலகைக்குப் புதுப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் பக்கத்தில் நின்று எழுத்து கோணாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயத்தைச் சொன்னேன். உள்ளே கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தார். ஏழு வருடத்தில் முதல்முறையாக அந்த அறையில் நாற்காலியில் உட்கார்ந்தேன். போனில் பேசியது கல்லூரி என்று தமக்குத் தெரியவே தெரியாது என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு பீரோவைத் திறந்து ஒரு கோப்பை எடுத்து என் முன்னால் வைத்தார். முதல் பிரிவுக்கு ஆசிரியர் கேட்டு அவர் கல்வி அலுவலகத்துக்கு வருடா வருடம் அனுப்பிய மனுக்கள். ஒவ்வொன்றும் ஒரே மாதிரி தொடங்கியது: எங்கள் பள்ளியில் சிறப்பாகச் செயல்பட்டு வரும் முதல் பிரிவுக்கு...

"நடக்கலேன்னு சொல்லிக் கேட்டா, நடக்காத பிரிவுக்கு எதுக்குய்யா வாத்தியாருன்னு ஒரே கையெழுத்துல எடுத்துட்டுப் போயிருவான். பணியிடம் போச்சுன்னா போனதுதான். அதான் நடக்குது நடக்குதுன்னே கேக்குறேன்."

இது அவர்களுக்குத்தான் போகும், கல்லூரிக்கு மட்டும்தான், ரகசியம் என்று போட்டு எழுதலாமே என்று கேட்டேன்.

"பேப்பருல எழுதி முத்திரை குத்திட்டா அது எங்குட்டு வேணாலும் போகும்பா. நாளைக்கு ஒருத்தன் இந்தக் கோப்பையும் அந்தக் கடுதாசியையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தான்னா நான் என்ன சொல்ல?"

"அப்ப நான் பொய் சொன்னவனா ஆயிருவேன் சார்."

"நீ பொய் சொல்லலன்னு எனக்குத் தெரியும்ல."

இதை அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். டீ வாங்கி வரச் சொன்னார். டீ வருவதற்குள் அவருக்கு ஒரு வழி தோன்றிவிட்டது. முகமே மாறிவிட்டது. முதல் பிரிவுக்குப் பதினைந்து பேர் சேர்ந்தால் ஆசிரியர் போட்டே ஆக வேண்டும். இதுவரை ஊர் ஊராகப் போய் ஐந்து பேர் சரி என்றிருக்கிறார்கள். யாராவது ஒருத்தன் முதலில் உட்கார்ந்தால் மற்றவர்களும் வருவார்கள்.

"நீ திரும்ப பதினொண்ணு சேந்துரு. முதல் பிரிவு. விதியில இடமிருக்கான்னு நான் பாக்குறேன். ஆளு போடுற வரைக்கும் நீயே அவனுகளுக்குச் சொல்லிக் குடு. ரெண்டு வருஷம் கழிச்சு அதே காலேஜுக்குப் போடு. அப்ப நான் எழுதுறது அம்புட்டும் நெசமா இருக்கும்."

சிரிப்பு வரவில்லை. உண்மையைச் சொன்னால், ஒரு நிமிடம் அதை மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். மாணவனும் நானே, வாத்தியாரும் நானே. சைக்கிளை வெளியே எடுத்தால் ஆய்வகத்தில் உட்காரலாம். கணக்குக்குப் பின்பக்க விடை இருக்கிறது. வேதியியலுக்கு யார் விடை சொல்வது என்று தெரியவில்லை. இரண்டு வருடம் கழித்து எனக்கு இருபது வயதாகும். அந்தக் கல்லூரியில் எடுப்பார்கள் என்று அப்போதும் யாரும் சொல்ல முடியாது.

மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொள்கிறேன் சார் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. அதையும் நன்னடத்தைச் சான்றிதழையும் உடனே எழுதிக் கொடுத்தார். நன்னடத்தையில் 'மிகவும் நன்று' என்று போட்டு, கொஞ்சம் யோசித்து, 'மிக மிக நன்று' என்று திருத்தி, திருத்தலுக்குப் பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்தும் போட்டார். நான் வெளியே வந்து நடக்க ஆரம்பித்தேன்.

ஆறு மணி ஆகும்போது காரைக்குடிக்கு மூன்று கிலோமீட்டர் இருந்தது. ரோட்டோரம் ஒருவர் பனங்கிழங்கு மாதிரி எதையோ கோணியில் கட்டிக்கொண்டிருந்தார். மணி என்ன என்று என்னிடம் கேட்டார். போனைப் பார்த்து ஆறு என்றேன். ஆறேதானா என்று கேட்டார். ஆறு ஒண்ணு என்றேன்.

அம்மாவை ஓட்டலின் பின்வாசலில் பார்த்தேன். அந்த வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முன்வாசலில் விருந்தாளிகள் படம் எடுப்பார்கள், பின்வாசலில் பாத்திரம் கிடக்கும். கை ஈரம் காயாமல் வந்து நின்றாள். நடந்து வந்தேன் என்றதும் முதலில் காலைத்தான் பார்த்தாள்.

"சாரு என்ன சொன்னாக?"

சொன்னேன். திரும்பப் பதினொன்றில் சேரச் சொன்னதையும் சொன்னேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே முழுக்கக் கேட்டாள்.

"இருக்குன்னு எழுதித் தாரதுக்கு ஊரெல்லாம் ஆளு இருக்காக. இல்லாதத இல்லேன்னு எழுதித் தர ஒரு ஆளு இல்லையாக்கும்" என்றாள். பிறகு, "அவுகளையும் சொல்லக் குத்தமில்ல. அவுக பொழப்பு அது" என்றாள். எனக்கு அவள் இரண்டாவதாகச் சொன்னது பிடிக்கவில்லை. இப்போது யோசித்தால் அவள் சொன்னது சரிதான். அன்று பிடிக்கவில்லை.

காரைக்குடியிலேயே பி.காம் போடச் சொன்னாள். உன் மார்க்குக்குக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள் என்றாள். சரி என்றேன். விருந்தாளிகளுக்குச் செய்ததில் மிஞ்சிய கந்தரப்பம் இரண்டு கொடுத்தாள். சாப்பிட்டேன். கூட வேலை பார்க்கும் ஒருவர் மோட்டார் அறையில் படுத்துக்கொள்ள இடம் கொடுத்தார். நன்றாகத் தூங்கினேன். தூக்கம் வராது என்று நினைத்திருந்தேன்.

காலையில் பி.காம் விண்ணப்பம் போட இன்டர்நெட் கடைக்குப் புறப்பட்டேன். கடை ஒன்பதரைக்குத்தான் திறப்பார்கள். பைபாஸ் பக்கம் டீக்கடையில் போர்வெல் லாரி இரண்டு நின்றது. ஒன்றில் துளை போடும் எந்திரம், இன்னொன்றில் ராடு என்கிற இரும்புக் குழாய்கள். திருச்செங்கோட்டு ஆட்கள். அவர்களில் ஒருவன் முதல்நாள் காய்ச்சல் வந்து ஊருக்குப் போய்விட்டான். அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பெஞ்சில் அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வண்டியைப் பார்த்துக்கொள்கிறவர் என் தோளைப் பார்த்தார், பிறகு கையைப் பார்த்தார்.

"ஏந்தம்பி, இருபதடி ராடு தூக்குவியா?"

இதுவரை தூக்கியதில்லை என்றேன்.

"அதெல்லாம் தூக்குனா வந்துரும். நாலு நாள் இங்க வேலை. அப்பறம் ஆந்திரா போறோம். வர்றதுன்னா வண்டில ஏறு."

என்ன படித்தாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்பார் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். அவர் டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போனார். நான் வண்டியில் ஏறி உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். சத்தத்தில் அவளுக்குப் பாதிதான் கேட்டது. கேட்ட பாதிக்கு அவள் சம்மதிக்கவில்லை. அதற்குள் வண்டி கிளம்பியிருந்தது.

கல்லல் ரோட்டில் ஒரு தென்னந்தோப்பில் நிறுத்தினார்கள். தோட்டக்காரர் எந்திரத்துக்கு முன்னால் தேங்காய் உடைத்தார். எனக்கு முதல் நாள் என்பதால் ராடு கொடுக்கவில்லை. எனக்குக் கொடுத்த வேலை வேறு. ஒவ்வொரு ராடு இறங்கி முடியும்போதும் துளையிலிருந்து வரும் மண்ணில் ஒரு கை அள்ளி, வரிசையாக, ஒன்றோடொன்று கலக்காமல் கீழே குவித்து வைக்க வேண்டும். எத்தனை அடியில் என்ன மண் என்று தோட்டக்காரர் பார்ப்பதற்கு. முதல் குவியல் செம்மண். இரண்டாவதும் செம்மண். மூன்றாவதில் வெள்ளையாகப் பாறைப் பொடி வந்தது. வாயைத் துணியால் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். கட்டிக்கொண்டு நாலாவது கைப்பிடியை அள்ளினேன்.